அடம் பிடிக்கத் தெரியாதவர்

"விளையாட்டும் தோத்துப் போச்சும்மா," என்றார் வைரவநாதன்.

உலகம்மை கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மலையடிவாரத்து மடத்துக்கு அவள்தான் குரு. வயதில் அவரைவிட ரொம்பவே இளையவள்.

வைரவநாதன் அவளுடைய சீடர். மடத்துச் சமையல் அவர் கையில். கல்லுடைக்கப் போகிறவர்கள் பகலில் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளும் அவர் கையில்தான்.

"கீரை திங்க வைக்க என்ன விளையாடினீங்க?"

"முருங்கைக்கீரை தின்னா மரம் ஏறலாம்னு குரங்கு விளையாட்டு. பூசணிக்காயை யானைக்குட்டியாக்கி ஒரு விளையாட்டு. முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் துப்பிட்டுச் சிரிச்சாங்க. இப்போ 'விளையாடலாம் வாங்க'ன்னு வாயைத் திறந்தாலே ஓடிடறாங்க."

அவர் குரல் இறங்கியது.

"சொர்ணக்கிளி வெறும் சோத்தைத் தவிர எதையும் தொடறதில்லை. குச்சியா இருக்கா. நேத்து ஓடும்போதே தலை சுத்தி உட்கார்ந்துட்டா. அவ அப்பன் என்னை நம்பி விட்டுட்டுப் போறான். இந்தப் பொறுப்பை வேற யார்கிட்டயாவது கொடுத்திடுங்க."

"அதெல்லாம் உங்க விளையாட்டு," என்றாள் உலகம்மை. "அவங்க விளையாட்டுல சேர்ந்தீங்களா?"

"சேர்த்துக்க மாட்டாங்களே."

"கூப்பிடுற வரைக்கும் உட்கார்ந்திருங்க."

அவள் அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.

*

புன்னை மரத்தடியில் குழந்தைகள் சோறாக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். தேங்காய்ச் சிரட்டைதான் சட்டி. மணல்தான் சோறு.

வைரவநாதன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'வாங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

வெயில் ஏறியபோது ஒரு சண்டை வந்தது. எல்லோருக்கும் அம்மாவாக இருக்கத்தான் ஆசை. பிள்ளையாக இருக்க ஆளில்லை.

சொர்ணக்கிளி அவரைப் பார்த்தாள்.

"நீ வா. நீதான் பாப்பா."

அவர் ஓடிப்போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் சிரட்டையோடு வந்தாள்.

"ஆ காட்டு."

காட்டினார். மெல்லுவதுபோலப் பாவனை செய்தார். "ரொம்ப ருசி," என்றார். கேட்பதற்குள் மறுபடியும் வாயைத் திறந்தார்.

சொர்ணக்கிளியின் முகம் சுருங்கிப் போனது. சிரட்டையைக் கீழே வைத்தாள்.

"உனக்குப் பாப்பாவா இருக்கவே தெரியலை. அடம் பிடிக்கணும். நீ போ."

*

"துரத்திவிட்டுட்டாம்மா," என்றார் சாயங்காலம். "அடம் பிடிக்கணுமாம். நானே அடம் பிடிச்சுக் காட்டினா, அவங்களும் அதைத்தானே கத்துப்பாங்க?"

உலகம்மை பறித்து வைத்திருந்த முருங்கைக்கீரையைக் கூடையோடு தூக்கி அவர் மடியில் வைத்தாள். அதன்மேல் ஒரு மண்சட்டி வைத்தாள்.

பிறகு விளக்கேற்றப் போய்விட்டாள்.

*

மறுநாள் கூடை, சட்டி, பருப்பு, சோறு எல்லாவற்றையும் புன்னையடியில் வைத்துவிட்டு, "பாப்பாவுக்குப் பசிக்குது," என்றார் வைரவநாதன்.

நிஜச் சட்டி! அம்மாக்கள் எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கீரையை உருவினாள். ஒருத்தி கழுவினாள். சொர்ணக்கிளி பருப்பைக் கொட்டி உப்புப் போட்டாள். நெருப்பை மட்டும் அவர் பார்த்துக்கொண்டார்.

ஆறியதும் சொர்ணக்கிளி சோற்றோடு பிசைந்து எடுத்து வந்தாள்.

"ஆ காட்டு."

"மாட்டேன்."

அவள் கண்கள் மலர்ந்தன.

"ஒரே ஒரு வாய்டா கண்ணு."

"பச்சையா இருக்கு. புழு மாதிரி இருக்கு."

"புழு இல்லடா. பாரு, அம்மா சாப்பிடறேன் பாரு." வாயில் போட்டுக்கொண்டாள்.

"நீ சும்மா மெல்லுறே. முழுங்கலை."

"முழுங்கிட்டேன்!" வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்குச் சரியாத் தெரியலை. திரும்பக் காட்டு."

காட்டினாள். மற்ற அம்மாக்களும் துணைக்கு வந்தார்கள். ஆளுக்கொரு உருண்டை எடுத்து, "பாரு, பாரு," என்று முழுங்கிக் காட்டினார்கள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். உதட்டை இறுக்கிக்கொண்டார். காக்காவுக்குப் போடச் சொன்னார்.

இடுப்பைப் பிடித்துக் கிச்சுக்கிச்சு மூட்டினார்கள். அவர் மணலில் உருண்டார். துண்டு எங்கோ போனது. ஒரு கட்டத்தில் நிஜமாகவே பிடிவாதம் ஏறிவிட்டது. காலை உதைத்துக்கொண்டு, "மாட்டேன், மாட்டேன்," என்று கத்தினார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சாப்பிட்டார்கள், மறுபடியும் வந்தார்கள்.

கடைசியில் அவருக்கு மூச்சு வாங்கியது. வாசனையும் மூக்கைத் துளைத்தது.

"சரி, தா," என்று வாயைத் திறந்தார்.

சொர்ணக்கிளி சட்டிக்குள் கையை விட்டாள். சுற்றிலும் வழித்தாள். விரலைத் தானே நக்கிக்கொண்டாள்.

"தீந்து போச்சு பாப்பா."

சத்தம் கேட்டு வந்த உலகம்மை மரத்துப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"வைரவநாதன், சொர்ணக்கிளி கீரை சாப்பிட்டாளா?"

அவர் மணலிலிருந்து தலையைத் தூக்கினார். மீசையெல்லாம் மண்.

"அதை எங்கேம்மா பார்த்தேன்? எனக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்கலை இவங்க!"