ஆராரோ என்று கேட்டவள்

காக்கையும் குரங்கும் மனிதரோடு பேசிப் பழகிய அந்தக் காலத்தில், மழைக்குப் பாட்டு இருந்தது, நடவுக்குப் பாட்டு இருந்தது. அழும் பிள்ளைக்குத்தான் பாட்டு இல்லை.

ஆற்றங்கரையில் சிலம்பாயி என்றொருத்தி இருந்தாள். அவள் பெற்ற பிள்ளை பிறந்த அன்றே இறந்துபோனது. மூன்றாம் நாள், பால் கட்டிய வலியோடு ஆற்றுக்கு வந்தவள், வெள்ளத்தில் ஓர் ஓலைப்பெட்டி மிதந்து வருவதைக் கண்டாள். உள்ளே பச்சைக் குழந்தை, பெண். இடுப்பளவு நீரில் இறங்கி எடுத்தாள். கரையேறியதும் பால் கொடுத்தாள்.

வயிறு நிறைந்தும் குழந்தை அழுதது.

“உன்னைப் பெற்றவள் எங்கே தவிக்கிறாளோ! வா, தேடுவோம்” என்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு நடந்தாள். எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்டாள்: “இவள் ஆரோ? ஆர் பெற்ற பிள்ளையோ?”

“என் குட்டி என் வயிற்றைப் பிடித்துத் தொங்குகிறது. இது எங்களுடையது இல்லை, தாயே” என்றது குரங்கு.

காக்கை சிரித்தது. “என் கூட்டில் இருப்பதே யார் குஞ்சென்று எனக்குத் தெரியாது. பசி என்கிறது, ஊட்டுகிறேன். நீயும் பேசாமல் வைத்துக்கொள்ளேன்!”

சிலம்பாயிக்கும் ஆசைதான். கேட்பதை நிறுத்தினாள். உடனே குழந்தை வீரிட்டது. “ஆரோ... ஆராரோ...” என்று மறுபடி நடந்தாள். நடைக்கு ஏற்பக் குரலும் அசைந்தது. குழந்தை கண் மூடியது.

மறுநாள் வெள்ளம் வடிந்தது. எதிர்க்கரையில் தலைவிரிகோலமாக ஒருத்தி புதர் புதராக எதையோ தேடிக்கொண்டு வந்தாள். சிலம்பாயியை நாணல் மறைத்திருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், பிள்ளை தனக்கே. குழந்தையை இறுக அணைத்தாள். பிறகு எழுந்து நின்று, ஆற்றிரைச்சலுக்கு மேலே குரலெடுத்துக் கேட்டாள்:

“ஆரோ! இவள் ஆர் பெற்ற பிள்ளையோ!”

“நான் பெற்றவள்! என் கைநழுவிப் போனவள்!” என்று அலறிக்கொண்டே அவள் ஆற்றில் இறங்கினாள். அவள் பெயர் வஞ்சி.

பெற்றவள் கைக்குப் போனதும் குழந்தை விழித்து அழுதது. முத்தமிட்டாள், பால் கொடுத்தாள், அடங்கவில்லை.

“எப்படி அக்கா தூங்கவைத்தாய்?”

“நான் எங்கே தூங்கவைத்தேன்? உன்னைக் கேட்டுக்கொண்டு நடந்தேன்.”

“அப்படியானால் அதையே கேள். நானும் கூடக் கேட்கிறேன்.”

இருவரும் கேட்டார்கள். குழந்தை உறங்கிப்போனது.

“வீடும் ஆற்றோடு போய்விட்டது, அக்கா” என்றாள் வஞ்சி.

“என் வீடு இருக்கிறது. வா” என்றாள் சிலம்பாயி. இரண்டு தாய்மாரின் பால் குடித்துக் குழந்தை வளர்ந்தாள்.

அன்று முதல்தான், மடியில் கிடப்பது தான் பெற்ற பிள்ளையே என்று தெரிந்தும், தாய்மார் “ஆராரோ” என்று கேட்டே தாலாட்டைத் தொடங்குகிறார்கள்.