பஸ்ஸுக்குத் துட்டி

குரு என்றால் மரத்தடியும் தாடியும் இருந்தாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மங்கையர்க்கரசிக்கு மூன்றாவது மாடியில் ஓர் அறை இருந்தது. அதில் மனசு வந்தால் ஓடும் ஓர் ஏ.சி. இருந்தது. எந்த ஊருக்கு எந்த பஸ் எந்த வழியாகப் போக வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்வது அவருடைய தொழில்.

சிஷ்யர் என்றதும் பொடியனை நினைத்துவிட வேண்டாம். தேவசகாயம் அவரைவிட இரண்டு வயது மூத்தவர். பாதி ஆயுளைப் பாலம் கட்டுவதில் கழித்துவிட்டு, பஸ் கணக்குப் படிக்க வேண்டும் என்று அவரிடம் வந்து சேர்ந்தவர். நல்ல மூளை. அந்த மூளைமேல் அவருக்கே கொஞ்சம் கூடுதலாக மரியாதை உண்டு.

மங்கையர்க்கரசியிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவர் சொல்லி ஒரு தடத்தை ரத்து செய்தார்கள் என்றால், மறுநாள் காலையில் அந்தத் தடத்தின் கடைசி ஊருக்குப் போய் நிற்பார். சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதைத் தெற்கே துட்டி கேட்பது என்பார்கள். "மேடம் பஸ்ஸுக்குத் துட்டி கேக்கப் போயிருக்காங்க" என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். தேவசகாயமும் சேர்ந்து சிரித்தவர்தான்.

தேவசகாயம் எழுதிய முதல் அறிக்கை கல்லடிப்பட்டித் தடத்தைப் பற்றியது. கல்லடிப்பட்டியிலிருந்து மாவட்ட ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போகும் ஒரே பஸ். காலை நடையில் ஏறுகிறவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இன்னொரு பக்கம் கல்லூரிச் சாலையில் பிள்ளைகள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனார்கள். போன ஆடியில் அப்படித் தொங்கியவன் ஒருவன் விழுந்து, பின்சக்கரத்தில் போனான். பஸ்ஸை இங்கிருந்து எடுத்து அங்கே விடுங்கள் என்று தேவசகாயம் எழுதினார். புதிதாக பஸ் வாங்கப் பணமில்லை என்று கைவிரித்துவிட்ட ஓர் அரசாங்கத்துக்கு வேறு என்னதான் எழுதுவது?

மங்கையர்க்கரசி அறிக்கையை முழுவதும் படித்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டார். 'சேவை ரத்து குறித்துப் பயணிகளுக்கு உரிய முறையில் அறிவிக்கப்படும்' என்று அங்கே இருந்தது.

"இத யாரு செய்வா?"

"எத மேடம்?"

"அறிவிக்கப்படும்னு போட்டிருக்கீங்களே."

"எல்லா அறிக்கையிலயும் வர்ற வரிதானே மேடம். டிப்போவுல பாத்துக்குவாங்க."

மங்கையர்க்கரசி பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

கல்லடிப்பட்டிக்குக் கடைசி பஸ் போய்த் திரும்பிய அன்று சாயங்காலம், தேவசகாயம் அவர் அறைக்குள் வந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? பஸ்ஸ எடுத்த பிறகு அந்த ஊருல போய் என்ன பாப்பீங்க? பாக்கத்தான் அங்க ஒண்ணும் இருக்காதே."

"காலையில வாங்க" என்றார் மங்கையர்க்கரசி.

விடியும்போது கார் கிளம்பியது. வழியெல்லாம் தேவசகாயத்துக்கு மனசுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது.

"கணக்கு சரிதானே மேடம்?"

"சரிதான். நானும்தானே கையெழுத்துப் போட்டேன்."

கல்லடிப்பட்டி நிழற்குடையில் யாரும் இல்லை. டிரைவர் காரை ரேஷன் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். தேவசகாயம் நிழற்குடையின் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பூப்புனித நீராட்டு விழா போஸ்டர் இருந்தது, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருந்தது. பஸ் ரத்தான செய்தி இல்லை. அது டிப்போ சுவரில் ஒட்டியிருக்கும். டிப்போவுக்குப் போக பஸ் வேண்டும்.

"மோட்டார் ரூம் பக்கம் ஒரு வீட்டுல கர்ப்பிணிப் பொண்ணு இருக்கிறதா டிரைவர் விசாரிச்சிட்டு வந்தாரு. இனிமே பஸ் வராதுன்னு நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று மங்கையர்க்கரசி தெருவுக்குள் போனார். தேவசகாயம் தனியாக நின்றார்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். பெண்ணுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். புருஷனைத் தோளில் சாய்த்து, இழுத்தும் தாங்கியும் கூட்டிவந்தாள். அவன் முகமும் கால்களும் வீங்கிப் பளபளவென்றிருந்தன. நிழற்குடைத் திண்டில் அவனை உட்கார வைத்ததும், அவன் மூச்சு வாங்குவது சாலை வரைக்கும் கேட்டது.

"பஸ் போயிருச்சா சார்?"

"இல்ல" என்றார் தேவசகாயம். பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"நல்ல வேள. இவுகளுக்கு டயாலிசிஸ் சார். முந்திப் போனாத்தான் மிசினு கிடைக்கும். காய்ச்சல்னு போன தடவ போகல. அதான் இப்பிடி நீர் கோத்துக் கெடக்கு."

"ஓ" என்றார்.

தக்காளிக் கூடைகள் ஏற்றிய குட்டியானை மினி லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தவன் தலையை வெளியே நீட்டினான்.

"பேச்சியக்கா, மச்சான முன்னால ஏத்து. ஆஸ்பத்திரி வழியாத்தான் மார்க்கெட்டுக்குப் போறேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தான். போன மாதம் அந்த வண்டியில் போனபோது, குலுங்கிய குலுக்கலில் வழியெல்லாம் வாந்தி எடுத்தானாம். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் தேவசகாயத்தின் பக்கம் திரும்பினாள். தேய்த்த சட்டை, பளபளக்கும் செருப்பு. இப்படிப்பட்டவர்களுக்கு விவரம் தெரியும் என்று நம் ஜனங்களுக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

"பஸ் வந்துரும்ல சார்?"

தேவசகாயம் வாயைத் திறந்தார். 'வராது' என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. திண்டில் இருந்தவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அது எதனால் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"வரும்" என்றார். "வரும்மா."

எந்த நிறுத்தத்தில் யார் கேட்டாலும் நம் ஆட்கள் வாயில் தானாக வந்து விழுகிற சொல்தான் அது. அன்றைக்கு அதைச் சொன்னவர் அந்த பஸ்ஸை எடுத்தவர். அவ்வளவுதான் வித்தியாசம்.

"நீ போ தம்பி. பஸ் வரும்ங்கிறாரு சாரு."

குட்டியானை போய்விட்டது. தேவசகாயம் கூப்பிட்டு நிறுத்தலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றார். வண்டி வளைவில் திரும்பி மறைந்தது.

மங்கையர்க்கரசி தெருவிலிருந்து வந்தார். திண்டில் இருந்தவனைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டார்.

"ஒரு வண்டி நின்னுச்சே, அதுல ஏறலையா?"

"பஸ் வரும்னு இந்த சார் சொன்னாரும்மா."

மங்கையர்க்கரசி தேவசகாயத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

"பஸ் வராதும்மா. நேத்தோட எடுத்துட்டாங்க. எடுக்கச் சொன்னது நாங்க ரெண்டு பேரும்தான்."

பேச்சி அவரைப் பார்த்தாள். பிறகு தேவசகாயத்தைப் பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

"அப்ப ஏன் சார் வரும்னீக?"

அவர் டிரைவரைக் கூப்பிட ரேஷன் கடைப் பக்கம் ஓடினார்.

டிரைவர் காரைக் கொண்டுவந்தார். நோயாளியைப் பின்சீட்டில் படுக்க வைக்கப் பார்த்தார்கள். படுத்தால் அவனுக்கு மூச்சு முட்டியது. கால்களை நீட்டி, முதுகைப் பேச்சியின் மார்பில் சாய்த்து வைத்தார்கள். உதடு நீலம் பாரித்துவிட்டது. அந்தக் காலையில் அவன் பேசியது ஒரே ஒரு சொல்தான்.

"சீக்கிரம்."

கதவைச் சாத்துமுன் பேச்சி கேட்டாள்.

"இன்னைக்கு நீங்க கொண்டுபோயிருவீக. வெள்ளிக்கெழமைக்கு?"

"தெரியலம்மா" என்றார் மங்கையர்க்கரசி.

அவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். காரில் அதற்குமேல் இடமில்லை. தேவசகாயம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், நான் இங்க என்ன பண்றது?"

மங்கையர்க்கரசி அவருக்குப் பின்னால் கையைக் காட்டினார். காட்டுப்பக்கத்துப் பாதையில், கைக்குழந்தையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருத்தி ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஒரு கண்ணில் கட்டுப் போட்ட ஆள் ஒருவர் தடவித் தடவி வந்தார். பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்கிற பயத்தில், அந்தப் பெண் அங்கிருந்தே கையை உயர்த்தி ஆட்டினாள்.

"அறிவிக்கப்படும்னு எழுதினீங்களே" என்றார் மங்கையர்க்கரசி. "அறிவிங்க."