பிடிமண்ணும் தகரக் கூரையும்

ஏகாம்பரத்துக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய குரு அடைக்கன் வேளாருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. போஸ்ட்மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மண் பிசைய வந்து உட்கார்ந்தவரைப் பார்த்து ஊர் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐயனாருக்கு ஆள் உயர மண்குதிரை எழுப்புகிற அந்தக் கைகளைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே அவருக்குப் பெரிய பாக்கியமாக இருந்தது.

ஐப்பசி மழையில் வேளாரின் வேலைக் கொட்டகை விழுந்துவிட்டது. சூளையில் வேகும் முன் பச்சைக் குதிரை நிழலில் மெல்லக் காய வேண்டும். வெயில் பட்டால் வயிறு பிளந்துவிடும். இரண்டு குதிரைகள் அப்படித்தான் போயின. கொட்டகை எழும்பாவிட்டால் இந்த வருஷம் ஐயனாருக்குப் புதுக் குதிரை கொண்டுபோய் வைக்கும் புரவி எடுப்பு இல்லை என்று ஊரே கவலைப்பட்டது.

அந்த நேரத்தில்தான் கிராமத்துக் கலைச் சின்னங்களைக் காப்பாற்ற ஓர் அறக்கட்டளை நிதி தருவதாகச் செய்தி வந்தது. விண்ணப்பம் என்றால் ஏகாம்பரத்துக்குக் கை துறுதுறுக்கும். அழுகிற மனுதான் மேசை விட்டு மேசை நகரும் என்பதை முப்பது வருஷமாகப் பார்த்தவர். ‘இக்குதிரைகளைச் செய்யும் கடைசிக் கைகளும் ஓய்ந்துவிட்டன. கோயில்காட்டில் எஞ்சி நிற்பவற்றையாவது கூரை போட்டுக் காப்பாற்றுங்கள்’ என்று உருக்கமாக எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, ஓய்ந்த அந்தக் கைகள் வேப்பமரத்தடியில் ஒரு குதிரைக்குக் காது வைத்துக்கொண்டிருந்தன. அந்தக் கூரைக்கு வருகிற தகரத்தில் நாலைந்தைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்பது ஏகாம்பரம் போட்ட திட்டம்.

நிதி கிடைத்துவிட்டது. அறக்கட்டளையிலிருந்து பெர்சிஸ் என்ற பெண் அதிகாரி ஒப்பந்தத்தோடு நேரில் வந்தார். பழைய குதிரைகளைச் சுற்றி வேலி, மேலே கூரை. பத்து வருஷத்துக்கு அங்கே புதுக் குதிரை வைக்கக் கூடாது. அவர்கள்மேல் தப்பில்லை. செய்ய ஆளில்லை என்று எழுதியிருந்ததை நம்பிவிட்டார்கள்.

ஏகாம்பரம்தான் அதை வேளாருக்குப் படித்துக் காட்டினார். வேளார் முகம் சுளிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

“வாங்கம்மா, காட்டுக்குப் போயிட்டு வந்துருவோம்.”

கோயில்காட்டில் முதல் வரிசைக் குதிரைகள் சுண்ணாம்பு வெளுப்போடு நின்றன. அவை தான் செய்தவை என்றார் வேளார். அடுத்த வரிசையில் காது உடைந்தும் மூக்கு உதிர்ந்தும் நின்றவை அவருடைய அப்பா செய்தவை. அதற்கும் பின்னால் கால்கள் மட்டும் நின்றன. அவை தாத்தாவுடையவை. அதையும் தாண்டி நடந்து, வெறும் செம்மண் தரையில் போய் நின்றார்.

“இது தாத்தாவோட அப்பாரு செஞ்சது.”

“எதுங்க?” என்று கேட்டார் பெர்சிஸ்.

“நிக்கிறோமே, இதுதான்.”

பெர்சிஸ் சட்டென்று ஓரடி தள்ளி நின்றார்.

“எங்கிட்டு நகந்தாலும் அவுகதாம்மா” என்றார் வேளார்.

பெர்சிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மெதுவாக, அப்போதே ஒரு கூரை இருந்திருந்தால் இதெல்லாம் இன்றைக்கு நின்றிருக்குமே என்றார்.

“நின்னுருக்கும். எங்க அப்பாவுக்குத்தான் எடம் இருந்திருக்காது.”

புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊர்த் தலைவரான அம்பலகாரர் அந்தத் தரையிலிருந்துதான் ஒரு பிடி மண் அள்ளி, வெற்றிலைபாக்கோடு வேளார் கையில் கொடுப்பார். அந்தப் பிடிமண்ணை வாங்கினால் புதுக் குதிரை செய்து தருவதாக வாக்குக் கொடுத்த மாதிரி. இந்த வருஷத்துப் பிடிமண்ணைத் தை மாதமே வாங்கியாகிவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது என்று வேளார் பணிவாகச் சொன்னார். அத்தனை பெரிய தொகையை வேண்டாம் என்றபோதும் அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஏகாம்பரத்துக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

விழவில்லை. பெர்சிஸிடம் திரும்பி, தான் எழுதியது பொய் என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

பெர்சிஸ் திட்டவில்லை. இந்த நிதி திரும்பிப் போய்விடும் என்றார். வேண்டுமானால் இன்றே வேறு விண்ணப்பம் எழுதித் தரட்டும், தானே எடுத்துப்போய்க் குழுவில் பேசிப் பார்ப்பதாகவும், கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். பையிலிருந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

ஏகாம்பரம் அந்தச் செம்மண்ணிலேயே உட்கார்ந்தார். பெயர், ஊர், தொழில் எல்லாம் எழுதியாயிற்று. ‘பாதுகாக்கப்பட வேண்டியது எது?’ என்ற இடத்தில் பேனா நின்றது. போன தடவை இரண்டு பக்கம் எழுதிய அதே கேள்விதான்.

“என்ன எழுதட்டும், வேளாரே?”

வேளார் முன்னால் நின்ற குதிரைகளை ஒருமுறை பார்த்தார்.

“வெந்தது தன்பாட்டப் பாத்துக்கும். வேகாததுக்கு நெழல் கேளுங்கய்யா.”