பாகற்காயே ஜெயிச்ச கதை

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முந்தி வாழைமங்கலத்தை மீசைவர்மன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தான். மீசைக்கு எண்ணெய் தடவ இடது பக்கத்துக்கு ஒருத்தன், வலது பக்கத்துக்கு ஒருத்தன். அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன்னா ஒரு நாள் ஒரு பக்கம் மட்டும்... சரி, அது கிடக்கட்டும்.

அந்த நாட்டுல தை பொறந்தா சபைத் தலைவர் பதவிக்குப் பிடிச்ச ஆளு பேரை ஓலையில எழுதிக் குடத்துல போடணும். அந்த வருஷம் இளவட்டம் ஒண்ணுகூட எட்டிப் பாக்கல.

"ஏன்யா வரல?"ன்னு ராஜா குதிச்சான்.

பதினஞ்சு வருஷமா தலைவரா இருக்கிற கொழுந்தப்பர், "சோம்பேறிக் கழுதைங்க மகாராஜா! மொட்டை அடிச்சா பொறுப்பு தானா வரும்"னாரு.

"வர்ற வெள்ளிக்கிழமை ஓலை போடாத எல்லாருக்கும் மொட்டை!"ன்னு ராஜா உத்தரவு போட்டான்.

அரண்மனைச் சமையக்கட்டுல சமையக்காரி செங்கமலம் தன் ஜடையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. இருபத்திரண்டு வயசு, முழங்கால் வரைக்கும் முடி. அவளும் ஓலை போடலையே! மூணு வருஷம் போட்டவதான். பரிசல் ஓட்டுற மாடத்தி பேரைத்தான் அவ வயசுச் சோட்டு ஆளுங்க எல்லாரும் எழுதினாங்க. ஜெயிச்சது என்னவோ கொழுந்தப்பர்தான்.

மறுநாள் காலையில ராஜா முன்னாடி ஒரு பானையை வச்சா. "என்ன சமைக்கணும்னு எழுதிப் போடுங்க மகாராஜா."

ராஜா குஷியா 'வத்தக்குழம்பு'ன்னு எழுதினான். வந்தது பாகற்காய். மறுநாள் 'மோர்க்குழம்பு'. பாகற்காய். அதுக்கு மறுநாள் 'எதுவானாலும் சரி, பாகற்காய் வேண்டாம்'. பாகற்காயோ பாகற்காய்! (அந்த ஊர் யானைகூட பாகற்காயைக் கண்டா பயந்து பின்பக்கமா நடக்கும். அதுக்கு ஒரு கல்யாணக் கதை இருக்கு, இப்ப வேண்டாம்.)

வெள்ளிக்கிழமை. சபையில நாவிதர் கத்தி தீட்டிக்கிட்டு இருக்காரு. செங்கமலம் ராஜாகிட்ட பானையை நீட்டினா.

"போடி! எழுதினா மட்டும் என்னத்தைக் கிழிக்கப் போற? நான் போட மாட்டேன்!"

"நாவிதரே, ராஜாவும் ஓலை போடல. மீசையிலேருந்து ஆரம்பிங்க."

ராஜா ரெண்டு கையாலயும் மீசையைப் பொத்தினான். "அடியேய்! நான் சோம்பேறியா? நீ பானையைத் திறந்தே பாக்கலையே!"

"எங்க குடத்தை மட்டும் யாரு திறந்தா மகாராஜா?"

சபையே கொழுந்தப்பரைப் பாத்துச்சு. அவரு மேல்கூரையைப் பாத்தாரு.

எண்ணுறேன்னு அவர் எடுத்துட்டுப் போன குடத்தை அவர் வீட்டுக் கொல்லையிலேருந்து தூக்கிட்டு வந்தாங்க. உள்ள கைய விட்டான் ராஜா. "ஐயோ, கொத்துது!" பதினஞ்சு வருஷத்து ஓலையை மெத்தையாப் போட்டு ஒரு கோழி அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு. முட்டையை ஒதுக்கி ஓலையைப் படிச்சா, கடைசி மூணு வருஷமும் மாடத்தி, மாடத்தி, மாடத்தி!

தலைவர் பதவி மாடத்திக்கு. மொட்டை கொழுந்தப்பருக்கு. கோழிக்குஞ்சுங்களை வளக்குற பொறுப்பும் அவருக்குத்தான். செங்கமலத்துக்குக் குடம் திறக்கிற அதிகாரி வேலை.

அடுத்த தையில சந்தை மைதானத்துல எல்லார் முன்னாடியும் குடத்தைக் கவுத்தா. இளவட்டம் ஆத்தங்கரை வரைக்கும் வரிசையில நின்னுச்சு. ஒவ்வொரு ஓலையா சத்தமாப் படிச்சவ, ஒண்ணைப் பாத்துட்டு வாயைப் பொத்திச் சிரிச்சா. அதுல ஆளு பேரே இல்ல.

'பாகற்காய் வேண்டாம்.'

ஓலை பூரா மீசை எண்ணெய்.