மிளகு அளவு மண்டபம்

மொக்கனூர்க்காரர்களுக்குப் படிக்கத் தெரியும். வந்த வினையே அதுதான்.

நாற்பது வயதில் ஒருவழியாகப் பெண் கிடைத்த பொன்னுரங்கம், தாலியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்திருந்தான். பெரியப்பா நாச்சிமுத்துவின் கையில் கல்யாணப் பத்திரிகை. பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி காட்டும் படம். முகூர்த்தம் பத்தரைக்குள்.

அச்சடித்த புண்ணியவான் தண்ணீர் டேங்கைக் கட்டைவிரல் பருமனுக்கு வரைந்துவிட்டு, மண்டபத்துக்கு மிளகு அளவில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தான். அவனை நிற்க வைத்துக் கேட்கணும்.

டேங்க் வந்தது. எதிரிலேயே மண்டபம். வாழை மரம், மேளச் சத்தம், வாசலில் ஆளுயரத்துக்கு ‘பொன்னுரங்கம் – மரகதம்.’

“நிறுத்தாதே, இது இல்லை,” என்றார் பெரியப்பா.

“என் பேர் போட்டிருக்கே பெரியப்பா!”

“உலகத்துல நீ ஒருத்தன்தான் பொன்னுரங்கமா? படத்துல டேங்க் பெருசு, மண்டபம் சிறுசு. இங்கே மண்டபமில்ல பெருசா இருக்கு!”

“அவசரப்பட்டு அடுத்தவன் பொண்ணுக்குக் கட்டிராதீங்க மாப்பிள்ளை,” என்றார் மாமா குப்பண்ணன்.

பொன்னுரங்கம் மடியிலிருந்த தாலியைப் பார்த்தான். இதைவிட்டால் அடுத்த பெண்ணுக்கு இன்னும் எத்தனை வருஷமோ! ஆனாலும் படம் படம்தானே?

மூன்று சுற்று சுற்றியபின் டேங்குக்கு அடியில் கிடைத்தது. சிறுசு, சிவப்பு. தபால்பெட்டி.

“ஐந்நூறு பேர் எப்படி உட்காருவாங்க?” என்றான் பொன்னுரங்கம்.

“பந்தி பந்தியாத்தான்.” மாமா பெட்டியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். “இருட்டா இருக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க இன்னும் வரலை.”

மண்டபத்து வாசலிலிருந்து இதைப் பார்த்துவிட்டு, பெண்ணின் அம்மா பர்வதம் குங்குமச் சிமிழோடு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, படத்துப் புள்ளிமேல் குங்குமத்தை அள்ளி அப்பினாள்.

“இப்போ மண்டபம் பெருசாச்சா?”

“ஆச்சுங்க சம்பந்தியம்மா!”

வேன் திரும்பி மண்டபத்து வாசலில் நின்றது. யாரும் இறங்கவில்லை.

“படத்துல இப்போ டேங்கையே காணோம்,” என்றார் பெரியப்பா, குங்குமத்தை உற்றுப் பார்த்து. “இங்கே எதிர்ல ஒண்ணு நிக்குதே?”

மணி பத்து இருபத்தெட்டு. மரகதம் மாலையோடு விடுவிடுவென்று வந்து, வேன் ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

“கட்டித் தொலைங்க.”

பொன்னுரங்கம் மூன்று முடிச்சும் போட்டான். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லபடியா முடிஞ்சுது. டிரைவர், வண்டியை எடு. சாப்பாடு ஆறிப்போறதுக்குள்ளே மண்டபத்தைக் கண்டுபிடிக்கணும்.”