மாற்று ஏடு

தாமிரபரணிக் கரையில் ஒரு கல்லூரி. அதன் நூலக மாடியில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஓலைச்சுவடிக் கட்டுகள் இருந்தன. அவற்றைப் படித்து அட்டவணை எழுதும் வேலை ஞானசௌந்தரியுடையது. அவளுக்கு வயது முப்பத்தாறு.

அவளிடம் சுவடி படிக்கக் கற்ற ஒரே மாணவர் பலவேசம். அவருக்கு நாற்பத்தேழு. அதே நூலகத்தில் பத்தொன்பது வருடம் தினக்கூலிக்குப் புத்தகம் பைண்ட் செய்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சரம்மா என்பார்.

சேர்ந்த முதல் மாதமே பலவேசம் ஒரு தப்பு செய்தார். விரிசல் விட்ட ஏடு ஒன்றை ஒட்டுவதற்காக வெளியே எடுத்தார். மிச்சத்தை அப்படியே கயிறு கோர்த்துக் கட்டி வைத்துவிட்டார்.

“இதை ஒருத்தர் நாளைக்கு எண்ணிப் பார்த்தா என்ன சொல்வார் அண்ணாச்சி?”

“ஒண்ணு குறையுதும்பார்.”

“ஏன் குறையுதுன்னு யாரு சொல்லுவா?”

“நான்தான் இருக்கேனே.”

“நீங்க எத்தனை வருசம் இருப்பீங்க?”

அவள் வெற்று ஓலை ஒன்றை அதே அளவுக்கு நறுக்கினாள். எந்த ஏடு, யார் எடுத்தார், எந்த நாள், அந்த ஏட்டில் என்ன இருந்தது என்று எழுத்தாணியால் கீறினாள். அதைக் காலி இடத்தில் கோர்த்தாள். அதற்கு மாற்று ஏடு என்று பெயர். எடுத்த ஏடு திரும்பி வரும்வரை அந்த இடத்தில் அது இருக்கும்.

மூன்று வருடம் போனது. பலவேசத்துக்கு நிரந்தர வேலை போடும் உத்தரவு ஒருவழியாகத் தயாரானது. கல்லூரிச் செயலர் உமைபாகம் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்த வாரம் பலவேசத்தின் கையில் இருந்தது இருநூற்று நான்காம் எண் கட்டு. பிள்ளைப்பேற்று வைத்தியம், நூற்றுப் பதினெட்டு ஏடு, வயது முந்நூறு வருடத்துக்குக் குறையாது. செயலரின் முன்னோர் ஆண்டியப்பர் இயற்றியது என்று சொல்லி அவர் குடும்பம் கல்லூரிக்குக் கொடுத்தது. கல்லூரியின் நூற்றாண்டு விழாவுக்கு ஆண்டியப்பரின் சிலை தயாராகிவிட்டது. சிலையின் கையிலும் ஒரு சுவடி.

கடைசி ஏட்டில் எழுத்து மங்கியிருந்தது. பலவேசம் இலைச்சாறும் கரியும் கலந்து தடவித் துடைத்தார். எழுத்து கறுப்பாக எழுந்து வந்தது. விரல் வைத்துப் படித்தார்.

“மருத்துவச்சி பேராச்சி சொல்ல ஆண்டியப்பன் எழுதினது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கு வைத்தியம் தெரியாது.”

இரண்டாம் முறையும் படித்தார். பிறகு விவரத்தாளில் ஆசிரியர் என்ற கட்டத்தில் பேராச்சி என்றும், எழுதியவர் என்ற கட்டத்தில் ஆண்டியப்பன் என்றும் பென்சிலால் எழுதினார்.

தாள் செயலர் அறைக்குப் போனது. மறுநாள் காலையில் பலவேசத்தை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை.

“என்ன சொன்னார்?” என்று கேட்டாள் ஞானசௌந்தரி.

“கடைசி ஏடு இல்லைன்னு எழுதணுமாம். அந்த ஏட்டை அவர் கையில கொடுத்துரணுமாம். வெள்ளிக்கிழமை அட்டவணை அச்சுக்குப் போகுது. என் உத்தரவு அவர் மேஜையில இருக்கு. பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டே பேசுதார்.”

“முழுக் கட்டையும் எடுத்துக்கிட்டா என்னவாம்?”

“அது விழாவுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கணுமாம்.”

அவள் அடுத்த கட்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சரம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க.”

“வைத்தியம் பூரா நூத்திப் பதினேழு ஏட்டுல பத்திரமா இருக்கு. போறது ஒரே ஒரு ஏடு. அதுவும் வெறும் பேருதான். அது போனா என்ன?”

“அவரை வரச் சொல்லுங்க” என்றாள்.

செயலர் மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. ஞானசௌந்தரி எழுந்து நின்று கடைசி ஏட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

செயலர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பழைய எழுத்து அவருக்குப் படிக்க வராது.

“இதானே? இவ்வளவு லேசா முடியும்னு நெனைக்கல. நீ சண்டை போடுவேன்னு பலவேசம் பயந்தான்.”

“உங்க வீட்டுக் கட்டு சார். நீங்க எடுத்துக்கிட்டா நான் யார் கேக்க?”

அவள் உட்கார்ந்தாள். ஏற்கெனவே நறுக்கி எழுதி வைத்திருந்த ஓர் ஓலையை எடுத்து, கட்டின் கடைசியில் கோர்க்கத் தொடங்கினாள்.

“அது என்ன?”

“மாற்று ஏடு. எதை எடுத்தாலும் வைக்கிறது வழக்கம்.”

“படி.”

அவள் படித்தாள். “இங்கே இருந்த ஏட்டைக் கல்லூரிச் செயலர் உமைபாகம் ஆடி மாதம் பன்னிரண்டாம் நாள் எடுத்துப் போனார். அதில் இருந்தது இது. மருத்துவச்சி பேராச்சி சொல்ல ஆண்டியப்பன் எழுதினது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கு வைத்தியம் தெரியாது.”

செயலர் பலவேசத்தைப் பார்த்தார். பலவேசம் ஜன்னலைப் பார்த்தார்.

“அச்சுல என்ன வரும்?”

“சுவடியின் நிலைன்னு ஒரு கட்டம் இருக்கு சார். கடைசி ஏடு செயலர் வசம்னு வரும். உள்ளதுதானே?”

“அந்த ஓலையையும் கொடு.”

கயிற்றிலிருந்து உருவிக் கொடுத்தாள். செயலர் இரண்டையும் சேர்த்துச் சட்டைப் பைக்குள் நுழைத்தார். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஞானசௌந்தரி இன்னொரு வெற்று ஓலையை எடுத்துக் கட்டின் மேல் வைத்து அளவு பார்த்தாள்.

“இப்ப என்ன செய்யுதே?”

“முதல்ல எடுத்தது ஒண்ணு. இப்ப ரெண்டாயிருச்சு. அதையும் குறிக்கணும்.”

“விளையாடுதியா?”

“இல்ல சார். எண்ணுதேன்.”

“திங்கக்கிழமை நீ இங்க இருக்க மாட்டே. பெண்கள் விடுதிக் கணக்கு பாக்கப் போயிருவே.”

“போறேன் சார். விடுதியிலயும் உக்கார நாற்காலி இருக்கும்.”

செயலர் படிக்கட்டுவரை போய் நின்றார்.

“பலவேசம், உன் உத்தரவு இன்னும் மேஜையிலதான் இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். இந்தக் கட்டுல புது ஓலை எதுவும் கோர்க்காம நல்லபடியா கட்டி அனுப்பு.”

செருப்புச் சத்தம் கீழே இறங்கி ஓய்ந்தது.

ஞானசௌந்தரி ஓலையை நறுக்கி ஓரத்தைச் சீவினாள். கயிறு நுழைய ஒரு துளை போட்டாள். எழுதவில்லை. ஓலையையும் எழுத்தாணியையும் பலவேசத்தின் பக்கம் தள்ளி வைத்தாள்.

பலவேசம் அவற்றைத் தொடவில்லை.

“சொன்னா செய்வார் டீச்சரம்மா. உங்களை மாத்திருவார்.”

“மாத்துவார்.”

“திரும்ப வந்து இதையும் உருவிட்டுப் போவார்.”

“போவார்.”

“திங்கக்கிழமைக்கு அப்புறம் இங்க யாரும் இல்ல. நான் மட்டும்தான். அதுவும் அவர் கையெழுத்துப் போட்டாத்தான்.”

“ஆமா.”

“அப்ப இதை என்னைய எழுதச் சொல்லுதீங்களே, இது நியாயமா?”

அவள் மேஜையைத் துடைத்தாள். ஓலைத் தூளை உள்ளங்கையில் கூட்டி எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே உதறிவிட்டுத் திரும்பினாள்.

“பேராச்சிக்கு எழுத்துத் தெரியாது, அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியும்.”