சிங்காரத்தின் அடுக்கு ரொட்டி

கொன்றையூர் அரண்மனையில் அந்த வருஷம் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அடுக்கு ரொட்டியில்தான் போய் நிற்கும். அது என்ன பெரிய அடுக்கு ரொட்டி? இரண்டு ரொட்டி, நடுவில் கொஞ்சம் கறி, குறுக்கே ஒரு வெட்டு. அவ்வளவுதான். விலை ஒரு முழு வராகன். விற்ற மகராசன் பெயர் சிங்காரம். பன்னிரண்டு ஊரில் அவருக்குப் பன்னிரண்டு கடை. எந்தக் கடைக்குப் போனாலும் அதே பச்சைப் பந்தல், அதே பல்லிளிப்பு.

ராஜா இளவழுதிக்குத் தினமும் சாயங்காலம் ஒன்று வரும். வெட்டிய பக்கத்தில் கறி பிதுங்கிக்கொண்டு நிற்கும். ராஜா இரண்டு கடி கடிப்பார், "பிரமாதம்" என்பார், தட்டைத் தள்ளிவிடுவார். ராத்திரி விருந்துக்கு வயிற்றில் இடம் வேண்டாமா? ராஜாவே பிரமாதம் என்ற பிறகு சபையில் எவன் வாயைத் திறப்பான்? எல்லாரும் தலையாட்டினார்கள்.

அந்த இரண்டு கடியில் சொக்கிப்போன ராஜா ஓர் உத்தரவு போட்டார். அடுத்த மாதம் முதல் காவல் படைக்குச் சாப்பாடு சிங்காரத்தின் கடையிலிருந்து வரும். படைக்குச் சமைக்கும் சமையற்கூடத்தை மூடிவிடலாம். போதாததற்கு, சிங்காரத்துக்கு ராஜவீதியில் ஒரு மாளிகையும் பரிசு.

தலைமைச் சமையற்காரர் அங்கமுத்து நேராக மருதவாணரிடம் ஓடிவந்தார். ராஜாவிடம் துணிந்து வாயாடக்கூடிய ஒரே மந்திரி அவர்தான்.

"சாமி, முப்பது குடும்பம் இந்த அடுப்பை நம்பித்தான் இருக்கு. அடுத்த மாசம் நாங்க எங்கே போவோம்?" என்றார். 

மருதவாணருக்கு மனசு கேட்கவில்லை. "முதலில் அந்த அமிர்தத்தைத் தின்று பார்க்கிறேன்" என்று கிளம்பினார்.

கடையில் நின்றவன் வரிசையாகக் கேள்வி கேட்டான். "எள்ளு ரொட்டியா, வெறும் ரொட்டியா?"

"எள்ளு ரொட்டி."

"எள்ளுக்குத் தனிக் காசு. துவையல் தடவலாமா?"

"தடவப்பா."

"அதுக்கும் தனி. உட்கார்ந்து சாப்பிடுவீங்களா?"

"உட்கார்ந்தால்?"

"முக்காலிக்குத் தனி."

மருதவாணர் நின்றுகொண்டே சாப்பிட்டார். முதல் கடியில் கறி. இரண்டாவது கடியிலும் கறி. மூன்றாவது கடியில் ரொட்டி. நாலாவது கடியிலும் ரொட்டி. பிரித்துப் பார்த்தார். உள்ளே துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஏம்ப்பா, பின்னால் கறியே இல்லையே?"

"வெட்டின பக்கம்தானே ஐயா கண்ணுக்குத் தெரியும்? பின்னால யார் பார்க்கப் போறாங்க? முதலாளி அப்படித்தான் வைக்கச் சொல்லியிருக்கார்" என்றான் அவன், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

மறுநாள் சபையில் மருதவாணர், "மன்னா, அது ரொட்டியே அல்ல, மோசடி" என்றார்.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "ஊரே புகழ்கிறது, உமக்கு மட்டும் கசக்கிறதோ? மோசடி என்று சிங்காரமே தன் வாயால் சொல்லட்டும், நம்புகிறேன். சொல்லாவிட்டால், நீர் சாகும்வரை மூன்று வேளையும் அடுக்கு ரொட்டிதான். அதுவும் உம் சொந்தக் காசில்."

சபை சிரித்தது. மாளிகைப் பரிசுக்கு நன்றி சொல்லச் சபைக்கு வந்திருந்த சிங்காரம் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் மருதவாணர். "இந்த நல்ல மனிதருக்குக் கொடுக்கப்போகும் மாளிகையைக் கட்டும் பொறுப்பை மட்டும் எனக்குத் தாருங்கள். புதுமனை புகும் நாளில் அவரே சொல்லுவார்."

ராஜா சம்மதித்தார். மறுநாளே ராஜவீதியில் உயரமாக ஓலைத்தட்டி எழும்பியது. முகூர்த்தத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று மருதவாணரே ஒரு சாஸ்திரத்தைக் கிளப்பிவிட்டார். சிங்காரம் அதை நம்பி அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

முகூர்த்த நாள் வந்தது. தட்டியைப் பிரித்தார்கள். ஊரே வாயைப் பிளந்தது. தேக்குத் தூண்கள், சித்திர வேலைக் கதவு, மாடம், அதற்கு மேலே இன்னொரு மாடம். வந்தவர்களுக்கெல்லாம் சிங்காரம் பூரித்துப்போய்த் தன் கையாலேயே அடுக்கு ரொட்டி வழங்கினார். ராஜா கையிலும் ஒன்று இருந்தது.

முறைப்படி பசுவை முதலில் உள்ளே விட்டார்கள். அது வாசலைத் தாண்டியது, தலையைக் குனிந்தது, சாவதானமாகப் புல் மேயத் தொடங்கியது.

பின்னாலேயே போன சிங்காரம் அப்படியே நின்றுவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் கூடம் இல்லை, அறை இல்லை, கூரையும் இல்லை. முட்டுக்கொடுத்து நிறுத்திய ஒற்றைச் சுவரும், அதற்குப் பின்னால் புல்தரையும்தான் இருந்தன.

"வீடு எங்கேய்யா?"

"முன்னால் இருந்ததே, பார்க்கவில்லையா?" என்றார் மருதவாணர்.

"பின்னால ஒன்றுமே இல்லையே!"

"தெருவில் போகிறவர்களுக்கு முன்பக்கம்தானே தெரியும்? பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்?"

சிங்காரம் ராஜாவின் காலில் விழுந்தார். "மன்னா, நியாயம் சொல்லுங்கள். முன்பக்கத்தை நிறைத்துக் காட்டிவிட்டு உள்ளே வெறுமையாக வைப்பது பச்சை மோசடி இல்லையா?"

"கொஞ்சம் உரக்கச் சொல்லும், பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை" என்ற மருதவாணர், ராஜா பக்கம் திரும்பினார். "மன்னா, கையில் இருப்பதை இன்றைக்கு மட்டும் மறுமுனையிலிருந்து கடித்துப் பாருங்கள்."

ராஜா கடித்தார். மென்றார். இன்னொரு கடி கடித்தார். ரொட்டியைப் பிரித்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அங்கமுத்து, படைக்கு இனிமேலும் உன் சமையல்தான். போய் உலை வை" என்றார். "சிங்காரம், சொன்ன வாக்கை நான் மாற்ற மாட்டேன். இந்த மாளிகை உமக்குத்தான். இன்றைக்கே குடிபோம்."

சிங்காரம் பசுவைப் பார்த்தார். பசு அவரைப் பார்க்கவில்லை.

ராஜா ஒரு பொற்கிழியை எடுத்து மருதவாணரிடம் நீட்டினார். அவர் வணங்கி வாங்கினார், முடிச்சை அவிழ்த்தார், முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினார்.

"என்ன தேடுகிறீர்?" என்றார் ராஜா.

"ஒன்றுமில்லை மன்னா" என்றார் மருதவாணர். "அடிவரைக்கும் இருக்கிறதா என்று பார்த்தேன்."